எட்டாம் முறை என்னுடையது

யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தக் குளிர் நாட்டில், அஜின்கோர்ட்டில் நாங்கள் இருக்கும் வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியை, சுவரிலிருந்து குளியலறைக் குழாய் வரை, என் கையால் கட்டினேன். பிறம்ரனில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு மடிப்பு இயந்திரம் இருந்தது. எஞ்சினியர்மார் மூன்று பேர் பார்த்துவிட்டுக் கைவிட்டுப் போனதை ஒரு சைக்கிள் ரியூப் துண்டை வைத்து ஓடவைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓடியது என்று கேள்விப்பட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கினேன். இரண்டு குளிர்காலம் நின்றுவிட்டு விழுந்தது, ஆனாலும் தொடங்கினவன் நான். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், மூத்தவள் மருந்தாளர். கோயில் வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டு இருக்கிறதே, பனிக்காலத்துப் பெரிய சப்பாத்தும் கொள்ளும்படி அளவெடுத்துச் செய்தது நான்தான். அதில் என் பெயர் இல்லை. சப்பாத்துத் தட்டில் பெயர் எழுதி என்ன செய்ய, விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் விட ஒரு இராச்சியமும் கட்டினேன். அது பால்கன் பக்கத்தில் இருக்கிறது. இருக்கிறது என்றால், உண்மையில் இல்லை. இருந்திருக்கலாம் என்று இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஒரு அரசர், ஒரு பாராளுமன்றம், ஏழு தலைநகரங்கள், எல்லாம் உள்ள நாடு. அதைப் பற்றிய புத்தகம் போன இலையுதிர் காலத்தில் வெளியானது. அதில் என் பங்கு எங்கேயும் சொல்லப்படவில்லை. இதை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. எனக்கு எழுபத்தெட்டு வயது. படி ஏறினால் நடுவில் ஒருதரம் நின்று மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. சண்டை பிடிக்க உடம்பில் தெம்பு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. மற்றவரை நண்பர் என்றே எழுதுகிறேன். இன்றைக்கும் அவர் நண்பர்தான்.

அவர் யூகோஸ்லாவியாவில் பிறந்தவர். நாங்கள் சந்தித்தபோது அந்த நாடு உடைந்து போயிருந்தது. அங்கே அரசாங்கத்துக்கு வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்தவர், பிறம்ரனில் அட்டை வெட்டும் கத்திக்குப் பக்கத்தில் நின்றார். நான் மடிப்பு இயந்திரத்தில் நின்றேன். இரண்டு பேரும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில், அவர் ஒன்பதாம் மாடியிலும் நான் நாலாம் மாடியிலும் இருந்தோம் என்பதே மூன்று மாதம் தெரியாது. ஒரு காலை லிஃப்ட் கதவு திறக்க, ஒரே தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு பேர் நின்றோம். அடுத்த கிழமையே ஒரே காரில் போகத் தொடங்கினோம். ஒரு கிழமை அவருடைய கார், மறு கிழமை என்னுடையது. பதினொரு வருடம் அப்படிப் போனோம்.

ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனுக்கு 401 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே கார் ஓடுவதை விட நிற்பது அதிகம். அவருடைய ஆங்கிலம் உடைசல், என்னுடையது அதைவிட உடைசல். அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை. நான் அவரை, ஊரில் கூட்டாளிமாரைக் கூப்பிடுகிற மாதிரி, ‘ஐசே’ என்று கூப்பிடுவேன். கொஞ்ச நாளில் அவரும் என்னை ஐசே என்றே கூப்பிடத் தொடங்கினார்.

முன்னால் ஒரு ட்ரக் பனியில் சறுக்கிப் பாதையை மறித்துக் கிடந்த ஒரு நாளில்தான் அது தொடங்கியது. அசையாத காருக்குள் இருந்துகொண்டு அவர், ராசாவைப் போக விடாமல் வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்றார். எந்த ராசா என்று கேட்டேன். பெரிய போருக்குப் பிறகு அவர்கள் நாட்டு ராசா திரும்பி வரவில்லை, கட்சிக்காரர் நாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னார். ராசா இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார், அடித்திருப்பார் என்றேன். இல்லை, அதிகாரம் எல்லாம் பாராளுமன்றத்துக்கு, ராசாவுக்குக் கையெழுத்து மட்டும், இங்கே இங்கிலாந்து ராணியின் தலை காசில் இருக்கிற மாதிரி ஒரு ராசா என்றார். அப்படியானால் பரவாயில்லை, வைத்திருக்கலாம் என்றேன் நான். நான் சம்மதம் சொன்ன பிறகுதான் அந்த நாடு தொடங்கியது. இதை அவர் மறுக்க மாட்டார்.

பிள்ளைகளின் உலகப்படப் புத்தகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெட்டி போட்டு விபரம் கொடுப்பார்கள் அல்லவா, தலைநகரம், மொழி, சனத்தொகை, ஆட்சி முறை என்று? அதே மாதிரிப் பெட்டி போட்டு அவர் எழுதத் தொடங்கினார். தொழிற்சாலையில் வெட்டிக் கழித்த அட்டைத் துண்டுகளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தச்சர் காதில் செருகும் தட்டையான பென்சிலால். கடலுக்குப் போகும் ரயில் பாதையை அவர் வரைந்தார். தேசிய கீதத்தை முதல் இரண்டு வரியோடு நிறுத்தினார். அவருடைய உதைபந்தாட்ட அணி உலகக் கிண்ணத்தை இரண்டு தடவை வென்றது. மூன்றாம் தடவையும் வெல்ல வைக்கப் பார்த்தார், நான்தான் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தடுத்தேன். அவர் படித்தவர், எனக்கு மூளை இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாடு வரும்.

மொழி என்ற பெட்டிக்கு அவர் வந்தபோது எனக்கு வேலை வந்தது. அங்கே பல மொழிகள், பல எழுத்துகள். எல்லாவற்றையும் அரச மொழி என்று எழுதி முடித்துவிட்டார். எழுதினால் போதாது என்று சொன்னேன். ஊரில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று எங்களுக்குத் தெரியாத மொழியில் வந்த கதையைச் சொன்னேன். அதை வாசிப்பிக்க என் தகப்பன் பஸ் ஏறி ரவுணுக்குப் போனார். அங்கே வாசிக்கத் தெரிந்த ஆள் அன்றைக்கு லீவு. மறுநாளும் போனார். கடைசியில் பார்த்தால், ஒரு திகதிக்கு முன் பதில் போட வேண்டும் என்று எழுதியிருந்தது, அந்தத் திகதி முதல் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே சட்டம் இப்படி இருக்க வேண்டும் என்றேன்: சனம் தன் மொழியில் எழுதட்டும், வாசிக்கத் தெரியாவிட்டால் அரசாங்கக் கந்தோர்க்காரன் பஸ் ஏறட்டும். நண்பர் அந்த அட்டையை இரண்டு தரம் மடித்துச் சட்டைப் பையில் வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. புத்தகத்தில் அது ‘கடிதச் சட்டம்’ என்ற பெயரில் இருக்கிறது.

தலைநகரம் என்ற பெட்டி மாத்திரம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். நாட்டில் ஏழு பகுதி, எந்த நகரத்தை எழுதினாலும் மற்ற ஆறு பகுதிக்காரருக்கும் தாங்கள் வாடகைக்கு இருக்கிற மாதிரித் தோன்றும் என்றார். அவருக்கு அது விளையாட்டு இல்லை. அந்த இடத்துக்கு வந்தால் அவருடைய குரல் இறங்கிவிடும். நடுவில் புதிதாக ஒரு நகரம் கட்டிப் பார்த்தார், அழித்தார். ஆற்றில் ஒரு தீவில் வைத்தார், அதையும் அழித்தார்.

அப்போதுதான் நான் எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றைச் சொன்னேன்.

அந்தக் கிணற்றின் மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனும் சிறிய தகப்பனும் அதன் கரையில் மண்வெட்டியோடு ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்கள். கோடு கச்சேரி என்று வழக்காடி அலைந்து இரண்டு பேரும் தோட்டத்தை இழந்தார்கள். ஆனால் கிணற்றின் முறை நல்ல முறை, பிழை ஆட்களில்தான். ஏழு பங்குகாரர். ஆளுக்கு ஒரு நாளாக ஏழு நாள் இறைப்பார்கள். எட்டாம் நாள் ஒருவரும் கை வைக்க முடியாது, கிணறு ஊற வேண்டும். எட்டாம் நாளில் இறைத்துப் பிடிபட்டவனுக்கு அடுத்த முறை இல்லை. முறை முடித்துப் போகிறவன் வாளியைக் கழுவிக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வாளி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துத்தான் அடுத்தவன் கயிற்றைத் தொடலாம். எட்டு நாள் முறை ஏழு நாள் கிழமையோடு ஒட்டாது, ஆகவே வெள்ளிக்கிழமை எப்போதும் ஒருவனுக்கே வாய்க்காது. எங்கள் குடும்பத்துச் சண்டை எல்லாம் ஏழு நாளில்தான் வந்தன. எட்டாம் நாளில் ஒருநாளும் வரவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எடுக்க ஒன்றுமில்லை.

ராசாவையும் அப்படி விடும், ஏழு இடத்துக்கும் முறை வைத்து அனுப்பும் என்றேன். அன்றைக்குக் கார் என்னுடையது, அவர் சும்மா பக்கத்தில் இருந்தார். பிறகு, நெடுஞ்சாலையை விட்டுப் போகும் அடுத்த வழியில் இறக்கு என்றார். கோப்பிக் கடையின் தரிப்பிடத்தில் காரை நிறுத்த, மடியில் அட்டையை வைத்து எழுதினார். ஒவ்வொரு நகரத்திலும் நாற்பது நாள். ஏழும் முடிய, எட்டாவது நாற்பது நாள் வெறும் நாள். அரசர் ஒன்றிலும் கையெழுத்துப் போட மாட்டார், பாராளுமன்றம் பூட்டு, எந்த அமைச்சராவது அந்த நாட்களில் ஒரு சட்டத்தை நகர்த்தப் பார்த்தால் அவருடைய பகுதிக்கு அடுத்த முறை இல்லை. எட்டு நாற்பது முந்நூற்றிருபது. வருடத்தோடு ஒட்டாது, ஆகவே பனிக்காலத்து ராசா எப்போதும் ஒரே ஊருக்கு வாய்க்க மாட்டார். இந்தக் கணக்கை அவர் கண்டுபிடித்துச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நகரத்தை விட்டுப் போகும்போது அரசர் மாளிகை வாசலில் ஒரு வெள்ளி வாளியைக் கவிழ்த்து வைப்பார் என்பதையும் அன்றைக்கே எழுதினார். நாங்கள் வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனோம். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். ட்ராஃபிக் என்றோம்.

பிறகு வழக்கமாக நடப்பவை நடந்தன. நாங்கள் அஜின்கோர்ட்டுக்கு வீடு மாறினோம். அவருக்கு முதுகு போய் வேலையை விட்டார். எனக்கும் இரண்டு வருடத்தில் முழங்கால் போனது. தொலைபேசியில் பேசுவோம், அதுவும் குறைந்தது. அவருடைய மகள் அட்டைகளை எல்லாம் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறாள், யார் யாரோ வாசிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு புத்தக வெளியீட்டுக்கு அழைப்பு வந்தது.

அவர்களுடைய ஆட்களின் மண்டபத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம். மனைவியும் நானும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். நான் கோட் போட்டிருந்தேன். மேடைக்குக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். இளையவர்களுக்காக எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, ஆகவே எனக்கும் விளங்கியது. நண்பரின் மகள் நன்றி சொன்னாள். தட்டெழுதியவருக்கு, அட்டைகளைப் படமெடுக்க இயந்திரம் தந்த பல் வைத்தியருக்கு, பாதிரியாருக்கு, பலகாரம் சுட்ட பெண்களுக்கு. கடைசிப் பெயர் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேள்வி நேரம் வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் எழுந்து, புத்தகத்தில் தனக்கு மிகவும் பிடித்தது தலைநகரம் சுற்றி வருவதும் அந்த எட்டாவது ஓய்வும்தான், உலகத்தில் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

நண்பர் ஒலிவாங்கியை எடுத்தார். எங்கள் மலை இடையரின் பழைய வழக்கம், மேய்ச்சல் நிலத்துக்கு முறை வைப்பார்கள் என்று சொன்னார்.

நான் எழும்பப் போகிறேன் என்று மனைவி நினைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, சனத்துக்கு முன்னால வேண்டாம். சும்மா இருங்கோ.”

எழும்ப நினைத்தது உண்மை. முழங்காலும் விடவில்லை. முட்டைக்கோவா இலையில் சுற்றிய இறைச்சி பரிமாறினார்கள், மனைவி சைவம், பாணும் வெண்ணெயும் சாப்பிட்டாள். நான் புத்தகம் ஒன்று வாங்கினேன். நண்பர் அதில், ‘பாதை நண்பருக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஆக, நன்றி என் பிரதியில் மட்டும் இருக்கிறது. மற்ற எந்தப் பிரதியிலும் இல்லை.

அடுத்த கிழமை என் இளைய மகள் வந்தபோது ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னேன். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். எல்லாம் இருந்தன: முறை, நாற்பது நாள், தண்டனை, வாளி. நான் காரில் சொன்னதை விட அழகாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். என் முகத்தைப் பார்த்து அவள் புத்தகத்தை மூடினாள்.

“அப்பா, இட்ஸ் நொட் ஈவன் ரியல். இல்லாத ஒரு கன்ரிக்கு ஏன் இவ்வளவு கோவம்?”

“இருக்கிற நாட்டில என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. இதில கேட்டவர்.”

அவள் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.

ஒரு நாள் காலை டோர்செட் பார்க்குக்குப் போனேன். நண்பர் இப்போதும் அதே ஒன்பதாம் மாடியில்தான் இருக்கிறார். இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது. மற்றதற்கு இருபது பேரோடு காத்திருந்து ஏறினேன். அவருடைய மனைவி காலமான பிறகு தனிய இருக்கிறார். நீளக் கைபிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரத்தில் கோப்பி காய்ச்சினார், கை நடுக்கத்தில் பாதி அடுப்பில் ஊற்றுப்பட்டது. துடைக்க நான் எழும்ப, இரும் என்று கையைக் காட்டினார். அவர் உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

“ஐசே, இடையன் எண்டு சொன்னீர். எந்த இடையன்?”

“சனம் கேட்டது. ஒரு மறுமொழி சொல்ல வேணுமே.”

“என்னைச் சொல்லியிருக்கலாம். மூண்டாம் வரிசையில இருந்தனான்.”

“கண்டனான்.”

“கண்டுமோ?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. வாளியையாவது என்னுடையது என்று ஒத்துக்கொள்ளுமன் என்றேன். பால் கறக்கிறவன் எல்லாம் வாளியைக் கழுவிக் கவிழ்க்கிறவன்தானே, எங்கள் இடையர் மட்டும் ஊத்தை வாளியோடா திரிந்தார்கள் என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“உந்தப் புத்தகத்தில ஒரு பொய்யும் இருக்கக் கூடாது எண்டு நினைச்சு எழுதினனான், ஐசே.”

“முழுக்கப் பொய்தானே.”

“இல்லை. நடக்காதது வேறை, பொய் வேறை. எங்கட சனத்தால ஏலக்கூடியதை மட்டும்தான் எழுதினனான். எங்களிட்டை வழி இருந்தது, நாங்கள்தான் விட்டிட்டம் எண்டு. இப்ப நடுவில உம்மட கிணறு வந்தால், எங்களிட்டை வழி இருக்கேல்லை, வெளியால ஒருத்தன் வந்து சொல்ல வேண்டிக் கிடந்தது எண்டெல்லோ வரும். பேந்து அந்த நாடு நிக்காது.”

இதை அவர் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. பதினொரு வருடம் பக்கத்தில் இருந்த மனிதன், அவரை எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. நாடு உடைந்துபோய் வந்த ஒருவர், காகிதத்தில் இருக்கிற நாட்டையும் நான் உடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறார்.

“எங்களிட்டைக் கிணறு இருந்ததுதானே, ஐசே. எங்கட நாடு ஒழுங்கா நிண்டதோ?” என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். கனநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றார். இரண்டாம் பதிப்புக்கு அவருடைய மகள் வேலை செய்கிறாள். அதில் என்னை நாட்டுக்குள்ளேயே போட்டுவிடலாம். நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த கீழைத்தேசத்து மாலுமி ஒருவன், துறைமுகத்தில் இறங்கி, குளிருக்குப் பயந்து மலையில் ஒரு பனிக்காலம் தங்கி, இடையருக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தான் என்று ஒரு பந்தி. அப்படியென்றால் நாடும் நிற்கும், நானும் இருப்பேன்.

“மீசையும் வைக்கிறன். வேணுமெண்டால் ஒரு சிலையும் வைப்பம், துறைமுகத்தில.”

அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய கை அட்டைக்கும் பென்சிலுக்கும் தேடியது. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். சிலை என்றால் யாருக்கு ஆசை வராது. ஆனால் அது நான் இல்லை. குளிருக்குப் பயந்து மலையில் ஒளித்தவன் இல்லை நான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, அவரை ஏற்றிக்கொண்டு பிறம்ரனுக்கு ஓடினவன்.

“நான் உந்தக் கதைக்குள்ள வரமாட்டன். உள்ளுக்கை நிக்கிறவன் நீர் செய்த ஆள். நான் செய்விச்ச ஆள். என்னை வெளியால, உமக்குப் பக்கத்தில போடும்.”

அவருக்கு அது விளங்கியது. கோப்பைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கடைசியில், அச்சு வேலை எல்லாம் மகளின் கையில், அவளைக் கேளும் என்றார். வாசல் வரை வந்தார். லிஃப்ட் வரும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நண்பரின் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மரியாதையான பெண். அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள், சின்ன வயதில் எங்கள் பிள்ளைகளோடு விளையாடியவள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு, அட்டைகள் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில்தான் இருக்கின்றன, நீங்கள் சொன்னீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இளக்காரமாகக் கேட்கவில்லை, அவளுக்கு அது தேவை. இல்லை என்றேன். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. காரை ஓட்டிக்கொண்டு பேசினவனிடம் எழுத்தை எங்கே தேடுவது. எழுத்தில் இருந்தால் யோசிக்கலாம், தை மாதத்தில் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்றாள்.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் எத்தனை காலம் இருக்கப் போகிறோம், உந்தக் கதையை விடுங்கோ என்றாள். கோயில் தட்டை விட்டீர்கள்தானே என்று கேட்டாள். விட்டேன். தொழிற்சாலை இயந்திரத்தை மேற்பார்வையாளர் தன் கெட்டித்தனம் என்று மேலிடத்துக்குச் சொன்னார், அதையும் விட்டேன். சாப்பாட்டுக் கடை விழுந்தபோது, நடக்கும்வரை பங்காளி நடத்தினான், நான் விழுத்தினேன் என்று சனம் கதைத்தது, அதையும் விட்டேன். விட்டு விட்டுத்தான் இந்த வயது வந்திருக்கிறது. மற்றவை எல்லாம் கை செய்த வேலை, கைக்குப் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. இது நான் யோசித்தது. என் வாழ்க்கையில் நான் யோசித்த ஒன்று புத்தகத்தில் ஏறியது இது ஒருதரம்தான். அதுவும் ஒரு இடையனின் பெயரில்.

நண்பரின் மகள் எழுத்தில் கேட்டாள். இதுதான் எழுத்து. ஆறு கிழமையாக, காலையில் கை விறைப்பு எடுபட்ட பிறகு, சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். எழுத்துப் பிழைகளை மனைவி திருத்தினாள். ஆங்கிலத்தில் போட்டுக் கொடுக்க என் இளைய மகள் ஒத்துக்கொண்டாள், கோபமான இடங்களைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன்.

நண்பருக்கும் அவர் மகளுக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். காசு வேண்டாம். புத்தகத்தின் முன் அட்டையில் என் பெயர் வேண்டாம். ரயில் பாதையும் கீதமும் உதைபந்தாட்டக் கிண்ணங்களும் அவருடையவை, ஒன்றிலும் நான் கை வைக்கவில்லை. சிலையும் வேண்டாம், மாலுமியையும் போட வேண்டாம். கடிதச் சட்டம், ஏழு நகரத்து முறை, கவிழ்த்த வாளி, எட்டாவது நாற்பது நாள், இந்த நாலும் என்னுடையவை. தலைநகரம் என்ற பகுதி முடியும் பக்கத்தின் அடியில், இவை யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் சொன்னவை, அவர் ஆசிரியரோடு பிறம்ரன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்று ஒரு வரி போட வேண்டும். வரியின் முடிவில் என் முழுப் பெயர் வர வேண்டும். தகப்பன் பெயரோடு எப்படி எழுதுவது என்பதை என் மகள் வேறு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறாள். அதனால் உங்கள் நாடு விழுந்துவிடும் என்றால், அது நிற்க நான் வேறு யோசனை சொல்கிறேன், அதற்கும் எனக்கு மூளை இருக்கிறது. ஆனால் இந்த வரியைத் தை மாதத்துக்கு முன், நாங்கள் இரண்டு பேரும் வாசிக்கக்கூடியதாக இருக்கையிலேயே, போட வேண்டும்.